தோளில் கிடந்த கை

நம் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நம்முடைய வீடுகளில் சுவரில் மாட்டியிருந்த படங்களைவிட அலுமாரிக்குள் சீலைகளுக்குக் கீழே கிடந்த படங்கள்தான் அதிகம். எந்தப் படத்தை எப்போது வெளியே எடுக்கலாம், எதை எப்போது ஒளிக்க வேண்டும் என்பதெல்லாம் பத்து வயதிலேயே நமக்குத் தெரிந்திருந்தது. என் பிள்ளைகளிடம் சொன்னால், "ஒரு படத்துக்கு ஏனம்மா இவ்வளவு பயம்?" என்று சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

எண்பத்தேழாம் ஆண்டு அது. இணுவிலில் எங்கள் வளவுக்குள் இரண்டு வீடுகள். ஒன்றில் அப்பா, அம்மா, நான். மற்றதில் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. பெரியப்பா நான் பிறக்குமுன்பே போய்விட்டார். பெரியம்மாவுக்கு ஒரே மகன். அவரை நான் அண்ணை என்று கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறும் ஒரு மாமாவும் இருந்தார்கள். மாமா அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி. எங்கள் வீட்டில் படுப்பார், பெரியம்மா வீட்டில் சாப்பிடுவார், இரண்டு வீட்டிலும் ஏச்சு வாங்குவார். கரப்பந்து விளையாடி அவருடைய வலக்கையின் கடைசி விரல், சின்னிவிரல், ஒருமுறை முறிந்து, சரியாகப் பொருந்தாமல் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது. ஊர்ப் பெடியள் எல்லாருக்கும் அந்த விரல் தெரியும். பந்தை அடிக்கும்போது அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும்.

மாமாவுக்கும் அண்ணைக்கும் ஆறேழு வயதுதான் வித்தியாசம். மாமன் மருமகன் என்பதைவிடக் கூட்டாளிகள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு பேருமே இயக்கத்துக்குப் போனார்கள், ஆனால் வேறு வேறு இயக்கம். முதலில் மாமா, பிறகு அண்ணை. இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது, அன்றைக்கு வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வேறு வேறு விளையாட்டுக் கழகத்தில் சேர்ந்ததுபோலத்தான் எடுத்தார்கள். கிணற்றடியில் குளிக்கும்போது, "உங்கடை ஆக்களுக்குத் துவக்குப் பிடிக்கத் தெரியுமோ?" என்று அண்ணை கேட்பார். "உங்களுக்குப் பழக்கினதே நாங்கள்தானே" என்று மாமா வாளித் தண்ணீரை அவர் தலையில் ஊற்றுவார். பெரியம்மா குசினிக்குள் இருந்தபடி, "எதிலை நிண்டாலும் சோத்துக்கு ஒண்டா வாங்கோ" என்பாள்.

அதற்கு முந்திய ஆண்டு சித்திரையில் அண்ணையின் இயக்கம் மாமாவின் இயக்கத்தைத் தடை செய்துவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கையால் போனது. மாமாவின் ஆட்கள் சரணடைய வேண்டும், அவர்களுக்கு இடம் கொடுப்பவர்களும் குற்றவாளிகள் என்று அதில் சொன்னார்கள். மாமா அப்போது வீட்டில் இல்லை, முகாமில் நின்றார். முகாம்களை அடிக்கிறார்கள் என்று கதை வந்தது, அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அண்ணை பயிற்சிக்கென்று போயிருந்தார். எங்கே என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஓரிரு தடவை வந்து பெரியம்மாவிடம் சாப்பிட்டுவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

"மன்னாருக்காலை போயிட்டான். இந்தியாவுக்கு வள்ளம் ஏறியிருப்பான்" என்று அப்பா அடித்துச் சொன்னார். அப்படிச் சொல்ல அவரிடம் எந்த ஆதாரமும் இருக்கவில்லை. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். தம்பி எங்கேயோ ஒளிந்திருக்கிறான், அவனுடைய முகம் மட்டும் அவர்கள் கையில் அகப்படக் கூடாது. அதுதான் அவளுடைய ஒரே நினைப்பு. வீட்டில் இருந்த மாமாவின் படங்களை எல்லாம் ஒரு பின்னேரம் அடுப்பில் வைத்தாள். படக் கடதாசி விறகுபோல எரியாது. சுருண்டு, குமிழ் விட்டு, ஒரு காரமான மணத்தோடு கருகும். அன்றைக்கு அந்த அடுப்பில் வைத்த தேத்தண்ணியை என்னால் குடிக்க முடியவில்லை.

தப்பியது ஒரே ஒரு படம். அது பெரியம்மாவின் அலுமாரியில் இருந்ததால் தப்பியது. அண்ணை பத்தாம் வகுப்புச் சோதனை பாஸ் பண்ணியதற்கு மாமா அவரைச் சந்தி ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்த படம். அண்ணை கோடு போட்ட சேட்டோடு நிற்கிறார். பக்கத்தில் மாமா. மாமாவின் வலக்கை அண்ணையின் தோளில் கிடக்கிறது.

எண்பத்தேழு வைகாசி முடிகிற நேரம், வடமராட்சிப் பக்கம் பெரிய சண்டை. பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி விழுகிற ஷெல்லுக்கும் எங்கள் யன்னல்கள் அதிர்ந்தன. அந்தச் சண்டையில் அண்ணை செத்துப்போனார். பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள். "திறக்கேலாது அம்மா" என்று சொல்லிவிட்டார்கள். பெரியம்மா பெட்டியின் மேல் தலையை வைத்துக் கிடந்தாள். உள்ளே இருப்பது தன் பிள்ளைதானா என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த பெடியன் செத்தவீடு முடிந்த அடுத்த நாள் வந்தான். மரியாதையான பெடியன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நின்றான்.

"அம்மா, நோட்டீசுக்கு ஒரு படம் வேணும். எங்களிட்டை இருந்தது முகாமோடை எரிஞ்சு போச்சுது."

பெரியம்மா எழும்பி அலுமாரிப் பக்கம் திரும்பினாள். அம்மா குறுக்கே வந்து நின்றாள். "தேடி எடுக்க வேணும் தம்பி. நாளைக்கு வாங்கோ."

அவன் போனதும் படலையைச் சாத்திவிட்டு அப்பா உள்ளே வந்தார். அக்காவும் தங்கையும் குரலைக் கூட்டாமல் சண்டை பிடித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டேன்.

"அக்கா, அந்தப் படத்தைக் குடுக்காதேங்கோ."

"வேறை எந்தப் படம் கிடக்கு?"

"பள்ளிக்கூட அட்டையிலை ஒட்டின படம் கிடக்குமே" என்றார் அப்பா.

"அது பன்னிரண்டு வயதிலை எடுத்தது. என்ரை பிள்ளை மீசை முளைச்சுச் செத்தவன். குழந்தைப் படத்தை ஒட்டினா ஊர் என்ன சொல்லும்? பாலகனை அனுப்பிப்போட்டாள் எண்டெல்லோ சொல்லும்."

"தம்பியின்ரை முகத்தைக் கொண்டுபோய் அவங்களின்ரை கையிலை குடுக்கப் போறியளோ? அவன் எங்கையாவது உயிரோடை இருந்தா? படத்தை வைச்சுத் தேடிப் பிடிக்க மாட்டாங்களோ?"

"அவன் உனக்கு மட்டும்தான் தம்பியோ?" என்றாள் பெரியம்மா.

அப்பா கத்திரிக்கோலை எடுத்துவந்தார். "வெட்டிப்போட்டு ஒரு பாதியைக் குடுப்பம்."

"தொடாதேங்கோ!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சீறினார்கள். அப்பா பாவம், கத்திரிக்கோலோடு அப்படியே நின்றார்.

கடைசியில் ஸ்ரூடியோக்காரரிடம் போவதென்று முடிவாயிற்று. அண்ணையின் பக்கத்தை மட்டும் திருப்பிப் படம் பிடித்துத் தரச் சொல்லலாம், மூலப்படம் கையிலேயே இருக்கும். அதை எப்படிச் சந்திவரைக்கும் கொண்டுபோவது? அம்மா என் சட்டையைத் தூக்கி, படத்தை வயிற்றோடு வைத்து, மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டினாள். படத்தின் வழுவழுப்பான பக்கம் வேர்வையில் ஒட்டிக்கொண்டது. வழியில் சென்றிக் காவலில் நின்ற பெடியன் எங்கே போகிறீர்கள் என்று கேட்டான்.

"பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு படம் எடுக்க."

"நல்லாச் சிரியும் தங்கச்சி" என்று எனக்குச் சொன்னான். நான் மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு சிரித்தேன். மூச்சு விட்டால் படம் கீழே விழுந்துவிடும் என்று நினைத்தேன்.

ஸ்ரூடியோக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். எழுந்துபோய் முன்கதவை அரைவாசி சாத்தினார். "நான்தான் கையைப் போடச் சொன்னனான். ரெண்டு பேரும் ஆமிக்காரர் மாதிரி விறைச்சுக்கொண்டு நிண்டவை" என்றார். என்னுடைய வேர்வை பட்டு ஒரு மூலை மங்கியிருந்தது. அம்மா அதைச் சீலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டே சொன்னாள்: "கை தெரியக் கூடாது. அந்த விரலைக் கண்டா ஊருக்கே விளங்கும்."

"விடுங்கோ, நான் அழிச்சு விடுறன்."

எங்கள் கண்முன்னாலேயே திருப்பிப் படம் பிடித்துவிட்டு மூலப்படத்தைத் தந்தார், கழுவிய படத்தைத் தானே பொறுப்பான பெடியனிடம் கொடுப்பதாகச் சொன்னார். மீண்டும் என் வயிற்றில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

நோட்டீஸ் வந்தபோது அச்சு மை இன்னும் காயவில்லை. பொறுப்பான பெடியன் ஒன்றைப் பெரியம்மாவின் கையில் கொடுத்தான். அம்மா அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அண்ணையின் முகம் நன்றாகத்தான் இருந்தது. அவருடைய இடத் தோளில், எங்கேயிருந்தோ வந்ததுபோல, மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட ஒரு கை. சின்னிவிரல் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது.

அப்பா கதிரையில் இருந்துவிட்டார். அம்மா நேரே ஸ்ரூடியோவுக்கு ஓடினாள், நானும் பின்னால் ஓடினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அழிச்சுப் பாத்தனான் அம்மா. சேட்டுக் கோடுகள் பொருந்தேல்லை. தோள் பிஞ்சு போன மாதிரி வந்தது. ஷெல்லுப்பட்டுச் செத்த பிள்ளைக்குத் தோளைப் பிச்சு வைக்க எனக்கு மனம் வரேல்லை."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

ஊர்ச் சுவர் எல்லாம் மாமாவின் கை. கோதுமை மாப் பசைக்காக ஆடுகள் நோட்டீசைக் கிழித்துத் தின்னும். அம்மாவுக்கு ஆடுகளைக் கண்ணில் காட்டக் கூடாது, வேலிக் கதியாலைக் கடிக்கும் என்று கல்லெடுத்து எறிபவள். அந்த ஒரு மாதமும் ஆடுகளை அவள் விரட்டவேயில்லை. ஆனால் சந்தியில் வைத்த படத்துக்கு ஆடு கிட்டப் போகாது. வாழைமரம் கட்டி, மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பெரிதாக்கிய படத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். முகம் எவ்வளவு பெரிதாக இருந்ததோ, கையும் அவ்வளவு பெரிதாக இருந்தது.

அம்மா அதற்கு ஒரு வழி கண்டாள். விடிந்ததும் நந்தியாவட்டைப் பூவை நெருக்கமாகக் கட்டிக்கொண்டு சந்திக்குப் போவாள். மாலையைப் படத்துக்குப் போட்டு, அண்ணையின் இடத் தோள் பக்கம் கொஞ்சம் இறக்கி, கை முழுதும் மறைகிற மாதிரிச் சரி செய்வாள். பூ வாடிச் சுருங்கினால் விரல் வெளியே தெரியும் என்று பின்னேரம் புது மாலை. ஊர் உச்சி குளிர்ந்துபோயிற்று. "சின்னம்மாக்காரி எண்டாலும் பெத்த தாயிலும் பாக்கப் பாசம்" என்று பெண்கள் கதைத்தார்கள். பொறுப்பான பெடியன் ஒருநாள் அம்மாவை மறித்து, "உங்களைப் போலை ஆக்கள்தான் அம்மா எங்களுக்குப் பலம்" என்றான்.

"ஓம் தம்பி" என்றாள் அம்மா. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நெடுநேரம் கை கழுவினாள். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பிறகு ஒரு புதிய தொல்லை தொடங்கிற்று. காலையில் போட்ட மாலை பின்னேரம் போகும்போது வலப்பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். கை முழுதாகத் தெரியும். காற்று என்றாள் அம்மா. அடுத்த நாள் நூலால் இறுக்கிக் கட்டினாள், நூல் அவிழ்ந்து கிடந்தது. யாரோ கையைக் கண்டுபிடித்துவிட்டார்கள், அதைக் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று அவளுக்குப் பயம் பிடித்தது. ஒரு மத்தியான வெய்யிலில் என்னையும் இழுத்துக்கொண்டு சந்திக்குப் போனாள். மேசைக்கு முன்னால் பெரியம்மா நின்றாள். அவளுடைய கை மாலையை ஒதுக்கிக்கொண்டிருந்தது.

"என்னக்கா செய்யிறியள்?"

"நீ ஏன் மூடுறாய்?"

"தெரியாதோ உங்களுக்கு? ஆரும் கண்டா..."

"காணட்டும்." பெரியம்மா திரும்பவில்லை. "பெட்டியைத் திறக்க விடேல்லை. பக்கத்திலை ஆர் நிண்டது, தண்ணி கேட்டவனோ, ஒண்டும் தெரியாது எனக்கு. தனியச் செத்தவன். படத்திலையாவது அவன்ரை தோளிலை ஒரு கை கிடக்கட்டும்."

அம்மா என் கையை இறுக்கினாள். எனக்கு நொந்தது. அவள் மாலையைத் தொடாமலே திரும்பி வந்தாள். ஆனால் அடுத்த நாள் விடிய மறுபடி போய் மூடினாள். மத்தியானம் பெரியம்மா போய் ஒதுக்கினாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை இது நடந்தது. வீட்டில் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கறிக்கு உப்புக் காணுமா என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்று யோசிக்கும்போது, யாரிடமிருந்து அம்மா அந்தக் கையை மறைத்தாள் என்று நினைக்கிறேன். மாமாவோடு கரப்பந்து விளையாடிய அத்தனை பேரும் அந்தச் சந்தியால்தான் போய்வந்தார்கள். அவர்களுக்கா அந்த விரல் தெரியாது? ஊரே கண்டிருக்கும். கண்டும் பேசாமல் போயிருக்கும். அம்மாவின் மாலையைப் புகழ்ந்த பெண்களும் கண்டுதான் புகழ்ந்தார்களோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

ஆடியில் சமாதானம் என்றார்கள். இந்திய ஆமி வந்தது. சனங்கள் மாலை போட்டார்கள். "தடையெல்லாம் எடுபடும். இனித் தம்பி வருவான்" என்று அம்மா மாமாவின் சாரங்களைத் தோய்த்துக் காயப்போட்டாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எள்ளெண்ணெய் எரித்தாள். அந்த விரதத்தில் காகத்துக்குச் சோறு வைக்கும்போது மட்டும் தாத்தா, பாட்டி, அண்ணை என்று வாய்க்குள் பெயர் சொல்லி வைப்பாள். மாமாவின் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் செத்தவர் கணக்கில் சேர்ந்துவிடுவாராம்.

ஐப்பசியில் அந்த ஆமிக்கும் அண்ணையின் இயக்கத்துக்கும் சண்டை மூண்டது. ஷெல் விழ விழ எல்லாரும் நல்லூர்க் கோயிலுக்கு ஓடினோம். புறப்படுமுன் பெரியம்மா சந்தியில் இருந்து எடுத்துவந்திருந்த பெரிய படத்தை எருக்குவியலுக்குள் புதைத்தாள். சின்னப் படத்தைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகினாள். கோயிலில் ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவே, படுக்கும்போதும் அவளுடைய ஒரு கை இடுப்பில்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது ஒழுங்கைகளில் ஆமி நின்றது. ஆமியோடு துவக்குத் தூக்கிக்கொண்டு மாமாவின் இயக்கத்துப் பெடியளும் நின்றார்கள். மாமாவின் படத்துக்கு இருந்த பயம் இப்போது அண்ணையின் படத்துக்கு வந்துவிட்டது. அப்படியொரு மகன் இருந்த வீடு என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மாவோ பல மாதங்களுக்குப் பிறகு தலை இழுத்து நல்ல சீலை உடுத்தாள்.

"அக்கா, அந்தப் படத்தைத் தாங்கோ. அவங்களிட்டைக் காட்டிக் கேக்க வேணும்."

"என்ரை பிள்ளையின்ரை முகம் கிடக்குதே அதிலை. வேறை படம் இல்லையோ?"

சொன்ன பிறகுதான், எங்கள் வீட்டில் வேறு படம் ஏன் இல்லையென்பது பெரியம்மாவுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இடுப்பில் இருந்து படத்தை எடுத்தாள். அண்ணை பின்னுக்குப் போகிற மாதிரி நெடுக்காக மடித்து, நகத்தால் மடிப்பைத் தானே அழுத்திவிட்டுக் கொடுத்தாள்.

மாமாவின் இயக்கத்துப் பெடியள் சந்திக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இருந்தார்கள். அம்மா வாசலில் நின்றபடியே படத்தை நீட்டினாள். துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒருவன் வாங்கினான். மாமா வயதுதான் இருக்கும்.

"இவரைத் தெரியுமோ தம்பி? என்ரை சகோதரம். எங்கை நிக்கிறார் எண்டு..."

அவன் படத்தைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "உங்களுக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையோ அம்மா?"

"என்னத்தைத் தம்பி?"

"அந்த முதல் கிழமையே முடிஞ்சுது. அவர் நிண்ட முகாமிலை ஒருத்தரும் தப்பேல்லை. நான் அண்டைக்கு வெளியிலை போயிருந்தபடியால் நிக்கிறன்."

அவனுடைய பெருவிரல் மடிப்பில் நின்றது. நான் அதையே பார்த்தேன். கை மடிப்புக்கு அப்பால் போவதை அவனும் கண்டிருக்க வேண்டும்.

"கையைப் போட்டுக்கொண்டு நிக்கிறார். மற்றப் பக்கம் ஆர்?"

"மருமகன்."

"அவர் எங்கை இப்ப?"

"அவரும் இல்லை" என்றாள் அம்மா.

அவன் விரித்துப் பார்ப்பான் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவன் விரிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

வழியில் அம்மா அழவில்லை. படலையைத் திறந்து "அக்கா" என்று ஒருமுறைதான் கூப்பிட்டாள். பெரியம்மா முற்றத்தில் அப்படியே குந்திவிட்டாள். ஒன்றரை வருடமாகச் செத்த ஒருவரின் முகத்தை நாங்கள் காப்பாற்றி வந்திருக்கிறோம். மன்னார், வள்ளம் என்று கதை சொன்ன அப்பா, அன்று பின்னேரம் கொடியில் கிடந்த சாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார்.

அடுத்த ஆண்டு அண்ணையின் ஆண்டுத் திவசம் வந்தது. மாமாவுக்குத் திதி தெரியாது, அமாவாசையில் செய்யலாம் என்றார் ஐயர். பெரியம்மா கேட்கவில்லை. "தம்பிக்கும் பிள்ளைக்கும் நான் தனித்தனியச் சமைச்சதில்லை. ஒரே நாளிலை செய்வம்" என்றாள். முன்கதவைச் சாத்திக்கொண்டு செய்தோம். படம் எதுவும் வெளியே எடுக்கவில்லை. மற்றவர்களைக் கூப்பிடவும் இல்லை. ஐயர் அவசர அவசரமாக முடித்துக்கொண்டு பின் படலையால் போனார்.

குசினியில் இரண்டு தலைவாழை இலை போட்டார்கள். மாமாவுக்குப் பிடித்த பாகற்காய் ஒரு இலைக்கு மட்டும். அண்ணைக்கு அது ஆகாது. பெரியம்மா சோறு போட, அம்மா பக்கத்தில் பருப்புச் சட்டியோடு குந்தியிருந்தாள். இரண்டு இலைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவள், கேட்டாள். அந்த இரண்டு வருடமும் தன் அக்காவிடம் கேட்காததை அப்போதுதான் கேட்டாள்.

"அக்கா, தம்பியைச் சுட்ட அண்டைக்கு இவன் எங்கை நிண்டவன்?"

பெரியம்மாவின் அகப்பை அண்ணையின் இலைக்கு மேலே நின்றது. அவள் கோபப்படுவாள் என்று நான் பயந்தேன்.

"அந்தச் சித்திரையிலை எங்கை நிண்டனி எண்டுதான் நானும் அவனிட்டைக் கேக்க வேணுமெண்டு இருந்தனான்" என்றாள். "கடைசியா வந்து நிண்டபோதும் வாய் வரைக்கும் வந்தது. சாப்பிட்டு முடியட்டும், பிறகு கேப்பம் எண்டு விட்டிட்டன்."

அம்மா பருப்பை இரண்டு இலையிலும் ஊற்றினாள். பிறகு காகத்துக்கு வைக்கவென்று இருவரும் கிணற்றடிப் பக்கம் போனார்கள்.